கூலி நோட்டில் இருக்கும் பெயர்கள்: எகிப்தில் அகழாய்வு செய்யும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

எகிப்தில் அகழாய்வு நடத்திய, இன்றும் நடத்திவரும் பல்கலைக்கழகங்களுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும், அவற்றின் பழைய நோட்டுகளையும் புகைப்படங்களையும் காத்துவரும் அருங்காட்சியகங்களுக்கும்,

வணக்கம்.

நான் எகிப்தியல் படித்தவன் அல்ல. கட்டட வேலை நடக்கும் இடங்களில் முப்பது வருஷம் கணக்கெழுதியவன். காலையில் கொத்தனார், சித்தாள், பெரியாள் என்று பெயர் கூப்பிட்டு மஸ்டர் ரோலில் குறிப்பேன். சனிக்கிழமை சாயங்காலம் கூலி பிரித்துக் கொடுப்பேன். எகிப்தின் மேல் எனக்குப் பிடிப்பு வந்ததும் ஒரு மஸ்டர் ரோலால்தான். பிரமிடையும் மம்மியையும் அதற்கு முன்பே படத்தில் பார்த்திருக்கிறேன். அவை என்னை ஒன்றும் செய்யவில்லை.

அந்த மஸ்டர் ரோல் லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு சுண்ணாம்புக்கல் பலகை. இரண்டாம் ராம்செஸின் 40ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.மு. 1250இல், இன்று தெய்ர் அல் மதீனா என்று சொல்லப்படும் ஊரில் எழுதியது. வேலைக்கு வராதவர்களின் பட்டியல். 40 பேரின் பெயர்கள், பெயருக்கு எதிரே வராத நாட்கள், நாளுக்கு மேலே சிவப்பு மையில் காரணம். சேபாவைத் தேள் கொட்டிவிட்டது. ஹுய்நெஃபருக்குக் கண் நோவு. பெந்துவா, கோன்சுவோடு சேர்ந்து குடிக்கப் போய்விட்டான். ஒருவருடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. ஒருவர் வீட்டில் பீர் காய்ச்சுகிறார்கள். இன்னொருவர் வீட்டுப் பெண்ணுக்கு மாதவிலக்கு. நான் எழுதிய நோட்டுகளிலும் காரணங்கள் இப்படித்தான் இருந்தன. ஊர்க்கொடை, காய்ச்சல், பெரியம்மா சாவு. 3200 வருஷத்துக்கு முன்னால் என்னைப் போலவே ஒருவன் உட்கார்ந்து எழுதியிருக்கிறான் என்று அன்றைக்குத் தெரிந்தது. அப்புறம் கிடைத்ததையெல்லாம் வாசிக்க ஆரம்பித்தேன்.

அந்த ஊரைப் பற்றி நீங்கள் கண்டுபிடித்துச் சொன்னதற்கெல்லாம் முதலில் நன்றி சொல்ல வேண்டும். அரசர் பள்ளத்தாக்கில் அரசர்களுக்குக் கல்லறை குடைந்து, சுவரில் படம் எழுதியவர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த ஊர் அது. பிரெஞ்சு கீழைத் தொல்லியல் நிறுவனத்துக்காக பெர்னார் புரூயேர் 1922 முதல் 1951 வரை அங்கே தோண்டினார். ஊருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெரிய குழியில் மட்டும் சுமார் 5000 எழுத்துச் சில்லுகள் கிடைத்தன. பானை ஓட்டிலும் கல் சில்லிலும் கிறுக்கிய கணக்குகள், கடிதங்கள், வழக்குகள், பாட்டுகள். அவற்றைப் படித்துப் பிரிக்கவே யாரோஸ்லாவ் செர்னி தன் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவழித்தார். அதனால்தான் ஒரு தொழிலாளிக்கு மாதம் 4 கார் (கார் என்பது அவர்களின் தானிய அளவு) கோதுமையும் ஒன்றரை கார் பார்லியும் கூலி என்று எனக்குத் தெரிகிறது. மூன்றாம் ராம்செஸின் 29ஆம் ஆண்டில் அந்தக் கூலி வராமல்போனபோது, 'மாதத்தில் 18 நாள் போய்விட்டது, பசிக்கிறது' என்று சொல்லிக்கொண்டு அவர்கள் வேலையைப் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்ததும் தெரிகிறது. அதைப் பப்பைரஸில் எழுதிவைத்த எழுத்தர் அமென்நக்த்தின் பெயரும் தெரிகிறது. நவுநக்தே என்ற அம்மா எட்டுப் பிள்ளைகளை வளர்த்தார். வயதான காலத்தில் கவனிக்காத பிள்ளைகளுக்குத் தன் சொத்தில் பங்கில்லை என்று மன்றத்தின் முன்னால் சொன்னார். அந்தப் பிள்ளைகளின் பெயர்களும் நம் கையில் இருக்கின்றன.

இத்தனை பேரை மண்ணிலிருந்து மீட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். அவர்களை மண்வெட்டி பிடித்து வெளியே எடுத்தவர்கள் யார் என்று பார்க்கப்போனால், அறிக்கைகளில் பெரும்பாலும் 'ஆட்கள்' என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. சேபாவைத் தேள் கொட்டியது தெரியும். சேபாவின் ஊரைத் தோண்டும்போது யாரைத் தேள் கொட்டியது என்று தெரியாது. 3200 வருஷத்துக்கு முந்தியவரின் பெயர் இருக்கிறது, நூறு வருஷத்துக்கு முந்தியவரின் பெயர் இல்லை. இதைப் பற்றி உங்களிடம் பேசத்தான் இந்த மடல்.

பெயர்கள் தொலைந்துபோய்விட்டன என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். கூலி கொடுத்தவன் பெயர் எழுதாமல் கொடுக்க முடியாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். உங்கள் அலமாரிகளிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. லண்டன் பெட்ரி அருங்காட்சியகத்தின் ஆவணங்களில் ஸ்டீவன் குவர்க் என்ற ஆய்வாளர் தேடினார். 1880 முதல் 1924 வரையிலான நோட்டுகளில் மூலையிலும் கணக்குப் பக்கத்திலும் கிடந்த எகிப்தியத் தொழிலாளர்களின் பெயர்களை எடுத்து, 2010இல் ஒரு புத்தகமாகவே கொண்டுவந்தார். பெயர்கள் எப்போதும் அங்கேதான் இருந்தன, யாரும் அந்தப் பக்கங்களை வரலாறாகப் படிக்கவில்லை.

அந்த அருங்காட்சியகத்துக்குப் பெயர் தந்த பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரியின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். லுக்சருக்கு வடக்கே குஃப்த் என்று ஓர் ஊர். 1893-94இல் அங்கே தோண்டப் போனார். அந்த ஊர்க்காரர்களை முதலில் தொல்லை பிடித்தவர்கள் என்றுதான் எழுதினார். ஆனால் அவர்களுக்குள்ளேயே மிகச் சிறந்த ஆட்களைக் கண்டுகொண்டார். பழக்கினார். அடுத்தடுத்த இடங்களுக்குக் கூடவே அழைத்துப்போனார். அதன் பிறகு 'குஃப்தி' என்பது ஊர்ப்பெயராக இருந்து தொழிற்பெயராகவே மாறிவிட்டது. அப்பாவிடமிருந்து மகன், மகனிடமிருந்து பேரன் என்று அந்தத் தொழில் போனது. எகிப்தில் எந்த நாட்டுக்காரர் தோண்டினாலும், வேலையை நடத்தும் ரயிஸ், அதாவது மேஸ்திரி, பல இடங்களில் ஒரு குஃப்திதான். பெட்ரியிடம் வேலை பார்த்தவர்களில் தலைசிறந்தவர் ஒருவர் லாஹூன்காரரான அலி சுவைஃபி. பெட்ரியே அவரைத் தன் மிகச் சிறந்த ஆள் என்று சொல்லியிருக்கிறார். பெட்ரியின் பெயரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அலி சுவைஃபியின் பெயரைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

மண்ணில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும், தோண்டுவது வெறும் கைவேலை இல்லை. வெயிலில் காய்ந்த மண்ணுக்குள் காய்ந்த மண்ணாலேயே கட்டிய ஒரு சுடாத செங்கல் சுவர் நிற்கும். இரண்டுக்கும் நிறம் ஒன்று. மண்வெட்டி போய் மோதும் சத்தத்திலும், கையில் உதிரும் விதத்திலும்தான் எது சுவர், எது மேலே சரிந்த மண் என்று பிரிக்க வேண்டும். ஒரு கொத்து தவறினால் சுவர் போய்விடும். உங்கள் வரைபடத்தில் ஒரு கோடு சரியான இடத்தில் விழுந்திருந்தால், அந்தக் கோட்டை முதலில் பார்த்தது ஒரு குஃப்தியின் கண். அறிவுப்பூர்வமான வேலையை நீங்கள் செய்தீர்கள், உடல் உழைப்பை அவர்கள் கொடுத்தார்கள் என்று பிரித்துச் சொல்வது நடந்ததுக்கே மாறானது.

இன்னொன்றும் உண்டு. கண்டெடுத்த பொருளைத் திருட்டுச் சந்தையில் விற்றுவிடக் கூடாது என்பதற்காக, பொருளை ஒப்படைப்பவருக்குக் கூலிக்கு மேலே பக்ஷீஷ் கொடுக்கும் வழக்கத்தைப் பெட்ரி கடைப்பிடித்தார். எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்பது நோட்டில் இருக்கும். யார், எங்கே, எதற்காக எவ்வளவு வாங்கினார் என்று தெரிந்தால்தான், எந்தப் பொருள் கவனமாகச் சேர்க்கப்பட்டது, எது கூடையோடு கொட்டப்பட்டது என்று ஊகிக்க முடியும். ஆகவே அந்தப் பெயர்களை வெளியிடுவதை நன்றிக்கடனாக மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் ஆய்வின் நம்பகத்தன்மைக்கே அது தேவை.

எனக்கு இதில் எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது வேறொன்று. 1880இல் இருந்து 1930 வரை எகிப்தியக் கிராமத்து விவசாயிகள், அவர்கள் ஃபல்லாஹின் என்று சொல்லும் மக்கள், தங்களைப் பற்றித் தாங்களே எழுதிவைத்தது குறைவு. அவர்களைப் பற்றி மற்றவர்கள் எழுதியதுதான் அதிகம். வரிக் கணக்கு, நீதிமன்றக் கணக்கு, ராணுவக் கணக்கு. அப்படிப்பட்ட காலத்தில், ஒரு கிராமத்திலிருந்து இன்ன நாளில் இன்னார் வந்தார், கூட அவர் பையன் கூடை சுமக்க வந்தான், அறுவடைக்குப் போய்விட்டதால் இத்தனை பேர் வரவில்லை, கூலி இத்தனை பியாஸ்தர் என்று நாள்தோறும் எழுதிய நோட்டு எவ்வளவு பெரிய சொத்து! எகிப்தின் தொல்பொருள் துறையைத் தொடங்கி நடத்திய பிரெஞ்சுக்காரர் மாரியெட்டின் காலத்தில் அகழாய்வுக்குக் கட்டாய உழைப்பு, நம் ஊரில் வெட்டி வேலை என்போமே, அதற்கு ஆட்களைப் பிடித்து வந்தார்கள். பிறகு கூலி வேலையாயிற்று. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் தொழிலாளர் படைக்குக் கிராமங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுபோனார்கள். 1919இல் நாடு முழுக்கப் புரட்சி வெடித்தது. இதெல்லாம் ஒரு குடும்பத்தை எப்படித் தொட்டது என்று அறிய உங்கள் கூலி நோட்டைத் தவிர வேறு எங்கே போவது? தெய்ர் அல் மதீனாவின் கல் சில்லை வைத்துக்கொண்டு ஒரு சமூகத்தையே எழுப்பிக்காட்டியவர்கள் நீங்கள். அதே வேலையை உங்கள் சொந்த நோட்டை வைத்துச் செய்யுங்கள் என்கிறேன்.

துட்டன்காமன் கல்லறையைப் பற்றி எழுதாமல் விட்டால் கேட்பார்கள். 1922 நவம்பர் 4ஆம் தேதி முதல் படி தெரிந்தது. அந்த அகழாய்வை நடத்திய ஹோவர்ட் கார்ட்டர் வேலைக்கு வந்தபோது படி ஏற்கெனவே கண்ணில் பட்டிருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். அப்படியானால் முதலில் பார்த்தவர் வேறு யாரோ. தண்ணீர் சுமந்து வந்த சிறுவன் ஒருவன் கண்டான் என்று பின்னாளில் ஒரு கதை பரவியது. கார்ட்டரின் நாட்குறிப்பில் அந்தச் சிறுவன் இல்லை. தன்னுடைய மேஸ்திரிகள் நால்வரின் பெயர்களை அவர் சொல்லி நன்றி கூறியிருக்கிறார்: அகமது கெரிகர், காத் ஹசன், ஹுசைன் அபு அவாத், ஹுசைன் அகமது சயீத். அந்தக் காலத்தில் இதுவே பெரிய விஷயம். ஆனால் ஹார்ரி பர்ட்டன் எடுத்த அருமையான படங்களில் எத்தனையோ எகிப்திய முகங்கள் இருக்கின்றன. அவற்றில் இந்த நால்வரின் முகம் எது என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. 1923 மே மாதத்தில் கல்லறைப் பொருட்களைப் பெட்டிகளில் அடைத்து நைல் கரைக்குக் கொண்டுபோனார்கள். ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் தூரம். கையில் இருந்த தண்டவாளம் கொஞ்சம்தான். பின்னால் கடந்த தண்டவாளத்தைப் பெயர்த்து முன்னால் கொண்டுபோய்ப் போட்டு, வண்டியைத் தள்ளி, மறுபடி பெயர்த்து, மறுபடி போட்டுப் போயிருக்கிறார்கள். தென் எகிப்தின் மே மாத வெயிலில், தொட முடியாமல் சுடும் இரும்பு. மொத்தம் 15 மணி நேரம். ஒரு பொருளுக்கும் சேதமில்லை. அந்த வண்டியைத் தள்ளியவர்களின் பட்டியலைப் பார்க்க எனக்கு ரொம்ப ஆசை.

எகிப்தியர்கள் தொழிலாளிகளாக மட்டும் இருந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. 1869இல் கெய்ரோவில் ஜெர்மன் அறிஞர் ஹைன்ரிஷ் புரூக்ஷ் பழைய எகிப்திய மொழிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதில் படித்தவர் அகமது கமால். படித்து வெளியே வந்த எகிப்திய மாணவர்கள் தன் துறைக்குப் போட்டியாகிவிடுவார்களோ என்று மாரியெட் அஞ்சினார். அருங்காட்சியகத்தில் உள்ளூர்க்காரர் யாரும் எழுத்துகளைப் பார்த்து எழுத விடக் கூடாது என்று உத்தரவிட்டார். இதைப் புரூக்ஷே தன் நினைவுக் குறிப்பில் சொல்கிறார். கமால் விடவில்லை. பழைய எகிப்திய மொழிக்கு 22 தொகுதிகளில் ஓர் அகராதி எழுதினார். அது அச்சேறுவதைப் பார்க்காமலே 1923இல் இறந்தார். அவரைத் தவிர எகிப்தியர் எவரும் தொல்லியலில் ஆர்வம் காட்டவில்லையே என்று அப்போதைய பிரெஞ்சு இயக்குநர் லகோ சொன்னாராம். '65 வருஷமாக இந்தத் துறையை நடத்துகிறீர்களே, எங்களுக்கு என்ன வாய்ப்பு கொடுத்தீர்கள்' என்று கமால் திருப்பிக் கேட்டதாகச் சொல்வார்கள். 1858இல் தொடங்கிய அந்தத் துறைக்கு முதல் எகிப்திய இயக்குநராக முஸ்தஃபா ஆமெர் வந்தது 1953இல். 1902இல் திறந்த கெய்ரோ அருங்காட்சியகத்தின் முகப்பில் எகிப்தியல் முன்னோடிகளின் பெயர்களை லத்தீனில் பொறித்திருக்கிறார்கள். அந்த வரிசையில் ஓர் எகிப்தியர்கூட இல்லை.

சரி, நல்லது நடந்த இடத்தையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கரான ஜார்ஜ் ரைஸ்னர் கிசாவிலும் சூடானிலும் பல பத்தாண்டுகள் தோண்டினார். அவரிடம் வேலை பார்த்த குஃப்திகளை நாட்குறிப்பு எழுதவும் படம் பிடிக்கவும் பழக்கினார். முகமதானி இப்ராஹிம் என்பவர் எடுத்த படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அகழாய்வின் தினசரி நிலவரத்தை அந்த ஆட்கள் அரபியில் எழுதிவைத்தார்கள். அந்த அரபி நோட்டுகளைத் தலைமை ரயிஸ் சயீத் அகமது சயீதின் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அவை பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. ஒரே நாள், ஒரே குழி, ஆங்கிலத்தில் ஒரு கணக்கு, அரபியில் ஒரு கணக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும் வாய்ப்பு இப்போதுதான் கிடைத்திருக்கிறது. வீட்டில் பழைய காகிதத்தை எடைக்குப் போடாமல் அத்தனை வருஷம் வைத்திருந்தார்களே, அந்தக் குடும்பத்தை நினைத்து எனக்கு நெஞ்சு நிறைந்தது.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். உங்கள் அலமாரியில் இருக்கும் கூலி நோட்டுகளை முழுவதுமாகப் படமெடுத்து எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போடுங்கள். பளபளப்பான கண்டுபிடிப்புப் பக்கங்கள் மட்டும் போதாது, கணக்குப் பக்கங்களும் வேண்டும். பெயர்களை அரபி எழுத்திலும் எழுதுங்கள். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் காதில் விழுந்தபடி எழுதிய எழுத்தை வைத்துக்கொண்டு ஒரு பேரன் தன் தாத்தாவைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. புகைப்படத்துக்குக் கீழே 'உள்ளூர்த் தொழிலாளர்' என்று எழுதியதோடு நிறுத்தாதீர்கள். அந்தப் படங்களைக் குஃப்துக்கும் லாஹூனுக்கும் அல் பஹ்னசாவுக்கும் எடுத்துப்போய்ப் பெரியவர்களிடம் காட்டிக் கேளுங்கள். லுக்சருக்கு எதிர்க்கரையில் இருக்கும் குர்ணாவில் கல்லறைகளுக்கு மேலே வீடு கட்டி வாழ்ந்தவர்களை இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அப்புறப்படுத்தி, வீடுகளை இடித்துவிட்டார்கள். ஊர் கலைந்தால் நினைவும் கலையும். நாள் தள்ளாதீர்கள்.

ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள், அப்பா பெயர் இருக்காது, யார் எவர் என்று தெரியாது என்று நீங்கள் சொல்லலாம். தெய்ர் அல் மதீனாவிலும் அதே சிக்கல்தான். அங்கேயும் ஒரே பெயரில் பலர். அப்பன், பாட்டன், வீடு, வேலைக்குழு என்று ஒவ்வொன்றாகப் பொருத்தி நீங்கள் வம்சாவளியே போட்டுவிட்டீர்களே. இன்றைக்கு வேலை செய்பவர்கள் தங்கள் பெயர் வெளியே வருவதை விரும்பாமல் இருக்கலாம் என்பதும் நியாயம்தான். அவர்களிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். வேண்டாம் என்பவர் பெயரை விட்டுவிடுங்கள். மற்றவர் பெயரை அறிக்கையின் கடைசியில் ஒரு மொத்த நன்றி வரியில் முடிக்காமல், எந்தக் குழியில் வேலை பார்த்தார், எதைக் கண்டெடுத்தார் என்று அந்தந்த இடத்திலேயே எழுதுங்கள். அறிக்கையை அரபியிலும் வெளியிடுங்கள். எங்கள் ஊர் அகழாய்வுகளிலும் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள்தான் உட்கார்ந்து மண்ணைச் சுரண்டுகிறார்கள், அவர்கள் பெயரும் அறிக்கையில் அரிதுதான். எங்கள் ஆட்களிடமும் இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதைத் தமிழில் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. செங்கடல் கரையில் குசைர் அல் கதீம் என்று ஒரு பழைய துறைமுகம். 1978 முதல் 1982 வரை சிகாகோ பல்கலைக்கழகத்தினர் அங்கே தோண்டியபோது தமிழ் பிராமியில் எழுதிய இரண்டு பானை ஓடுகள் கிடைத்தன. ஒன்றில் கணன், இன்னொன்றில் சாதன். பிறகு சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தினர் தோண்டியபோது மூன்றாவதாக ஒன்று கிடைத்தது. ஐராவதம் மகாதேவன் அதில் 'பானை ஒறி' என்று படித்தார், அதாவது உறியில் தொங்கவிடும் பானை. தெற்கே பெரெனிகே துறைமுகத்தில் 'கொற்றபூமான்' என்று ஒரு பெயர். அதே பெரெனிகேயின் கோயிலொன்றில், இந்தியாவில் செய்த ஜாடியில் 7.55 கிலோ குறுமிளகு. பெரெனிகேயில் தோண்டியவர்களில் பெரும்பாலோர் அந்தப் பாலைவனத்தின் அபாப்தா மக்கள். அந்தத் துறைமுகங்களில் இறங்கிய சரக்கு ஒட்டகத்தில் ஏறிப் பாலைவனத்தைத் தாண்டிப் போய்ச் சேர்ந்த நைல் கரை ஊர் கோப்டோஸ். முசிறியிலிருந்து போன சரக்கைப் பற்றி வியன்னாவில் இருக்கும் பப்பைரஸ் ஒப்பந்தமும் அந்த ஊரைச் சொல்கிறது. கோப்டோஸ்தான் இன்றைய குஃப்த். எங்கள் மிளகு போய் இறங்கிய ஊர்க்காரர்கள்தான் உங்களுக்கு எகிப்தைத் தோண்டிக் கொடுத்தவர்கள்.

கணன் யார், சாதன் யார் என்று எங்கள் ஊரில் பலரும் பேசிவிட்டோம், எழுதிவிட்டோம். அந்த ஓடு மண்ணோடு மண்ணாகக் கூடையில் விழாமல், எழுத்து இருக்கிறதே என்று ஒரு கை அதைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறது. குசைரில் 'பானை ஒறி' கிடைத்த அன்றைய நோட்டில், அந்தக் குழியில் வேலை பார்த்தவர்களின் பெயர்கள் இருந்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். அரபியிலேயே எழுதுங்கள். படித்துச் சொல்ல ஆள் பிடித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
கணக்கெழுதிய ஒரு தமிழ் வாசகன்